மாட்டின் மூளைநோயும் ஆய்வுகூடச் சோதனையும்

(தமிழாசிரியர், லுணுகலை)

மாடு என்னுஞ் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருள். பழைய நிகண்டுகள் இதனைக் கூறும். ஏட்டளவில் மாத்திரம் படிப்போர் இதனைக் கேட்டு வியக்கலாம். தோட்டத்தில் வாழ்வோர் வியவார். லுணுகலையைச் சூழ்ந்த ஹொப்டன், அடாவத்தை முதலிய தோட்டங்களில், லயத்தின் பின்புறத்துக் கொட்டிலில் நிற்கும் ஒரு கறவைப் பசுவே பல குடும்பங்களுக்கு வங்கியாகவும் காப்புறுதியாகவும் விளங்குகின்றது. கொழுந்துச் சம்பளம் போதாத மாதத்தில் பாற்காசு கைகொடுக்கும். பிள்ளையின் பாடப்புத்தகமும் சீருடையும் பலவேளைகளில் அப்பசுவின் மடியிலிருந்தே வருகின்றன.

இத்தகைய செல்வத்தை ஒரு கொடுநோய் பற்றுமாயின் அதனை அறிவது எங்ஙனம்? அறியாதிருப்பின் விளைவது யாது? தவறாக அறிந்தால் நேருவது யாது? இம்மூன்று வினாக்களையும் எழுப்பி, உலகத்து விஞ்ஞானிகளை அரை நூற்றாண்டுக்கு மேலாக உழைப்பித்து வரும் ஒரு நோய்க்கூட்டத்தைப் பற்றி இங்கு ஆராய்வோம். தமிழாசிரியருக்கு இத்துறையில் என்ன வேலை என்று பழைய மாணவ அன்பர்கள் வினவலாம். விஞ்ஞானத்தை நம் மொழியிற் சொல்லிப் பார்க்கும்போதுதான் அது நமக்கு விளங்கியதா இல்லையா என்பது தெரியவரும் என்பதே நாம் கூறும் விடை.

நோயின் வரலாறு

இங்கிலாந்தின் செம்மறியாடுகளில் 1732ஆம் ஆண்டளவிலேயே அறியப்பட்டிருந்த நோயொன்று உண்டு. நோயுற்ற ஆடு வேலியிலும் மரத்திலும் ஓயாது உடலைத் தேய்க்கும், உரோமம் உதிரும், நடை தள்ளாடும், பின்னர் இறக்கும். தேய்த்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து ஸ்க்ரேபி என்னும் பெயர் இதற்கு வந்தது. 1936இல் குய்யே, ஷெல் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், நோயுற்ற ஆட்டின் நரம்பிழையத்தை நலமுள்ள ஆட்டுக்குச் செலுத்தி, ஓராண்டுக்கு மேல் காத்திருந்து, இது தொற்றும் நோயே என நிறுவினர். அவர்களுடைய வெற்றிக்குக் காரணம் பொறுமையே. சில வாரங்களிற் சோதனையை முடித்திருப்பின் தொற்றாது என்றே எழுதியிருப்பர்.

அதே காலத்தில் ஸ்கொத்லாந்தில் வேறொரு நோய்க்காக ஆட்டு மூளையிலிருந்து தடுப்புமருந்து செய்தனர். அதிலுள்ள கிருமிகளைக் கொல்லப் போமலின் இட்டனர். 1935இல் வழங்கப்பட்ட அம்மருந்தின் ஒரு தொகுதி ஏறத்தாழ 18,000 ஆடுகளுக்குரியது. இரண்டாண்டளவில் அவ்வாடுகளுட் பலவற்றில் ஸ்க்ரேபி தோன்றிற்று. எல்லா வைரசையும் அழிக்கும் போமலின் இதனை அழிக்கவில்லை என்பது அப்போது வெளிப்பட்டது.

இந்நோய் மேலைநாடுகளுக்கே உரியதன்று. 1961இல் ஸ்லொட்னிக், கத்தியார் என்னும் இருவர், இந்தியாவின் இமயமலை அடிவாரத்துச் செம்மறியாடுகளில் ஸ்க்ரேபி இருப்பதை அறிவித்தனர். அவர்கள் கையாண்ட கருவி நுணுக்குக்காட்டியே. இறந்த ஆட்டின் மூளையை மெல்லிய சீவல்களாக அரிந்து சாயமூட்டிப் பார்த்தபோது, நரம்புக்கலங்களிற் கடற்பஞ்சிற் காண்பன போன்ற வெற்றிடங்கள் காணப்பட்டன. இவ்வகை நோய்களுக்குக் கடற்பஞ்சு மூளைநோய்கள் என்னும் பெயர் வழங்குவது இதனாலேயே.

உலகத்தை உலுக்கியது 1986இல் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் இங்கிலாந்தின் வெய்பிரிட்ஜ் மத்திய கால்நடை ஆய்வுகூடத்தார், மாடுகளின் மூளையில் அதே வெற்றிடங்களைக் கண்டனர். பத்திரிகைகள் இதனைப் பைத்தியப் பசு நோய் என அழைத்தன. இறந்த கால்நடைகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்த மாவைப் புல்லுண்ணும் பசுவுக்குத் தீவனமாக ஊட்டியதே நோய் பரவிய வழி. 1988 ஜூலையில் அத்தீவனம் தடைசெய்யப்பட்டது. எனினும் நோய் வெளிப்படச் சராசரி ஐந்தாண்டுகள் ஆகுமாதலால், தடைக்குப் பின்னும் எண்ணிக்கை ஏறியது. 1992இல் உச்சத்தைத் தொட்டது. பிரித்தானியாவில் மொத்தம் 180,000க்கும் மேற்பட்ட மாடுகளில் நோய் உறுதிசெய்யப்பட்டது. 1996 மார்ச் 20இல், இளவயதினர் பத்துப்பேரைப் பற்றிய புதிய மூளைநோய்க்கு இந்த மாட்டுநோயே காரணமாயிருத்தல் கூடும் எனப் பிரித்தானிய அரசாங்கம் பாராளுமன்றத்தில் அறிவித்தது. அந்நோயால் அந்நாட்டில் இறந்தோர் 178 பேர்.

நோய்க்காரணியின் இயல்பு

நோயை உண்டாக்குவது யாது என்னும் வினா நெடுங்காலம் அவிழாத முடிச்சாக இருந்தது. 1960களில் லண்டனிற் பணிபுரிந்த திக்வா அல்பர் என்னும் அம்மையார், நோயுற்ற மூளைச்சாற்றின்மீது ஊதாக்கடந்த கதிர்களைச் செலுத்தினார். பற்றீரியாவும் வைரசும் தம் இனத்தைப் பெருக்குவதற்குக் கருவமிலம் வேண்டும்; அக்கதிர் கருவமிலத்தைச் சிதைக்கும். ஆயினும் மூளைச்சாற்றின் நோயூட்டும் ஆற்றல் குன்றவில்லை. ஆகவே காரணி கருவமிலம் அற்றதோ என்னும் ஐயம் எழுந்தது. 1967இல் கிரிஃபித் என்னும் கணித அறிஞர், புரதம் ஒன்று தானே தன்னைப் பெருக்கிக்கொள்ளல் இயலும் என ஏட்டளவிற் காட்டினார். 1982இல் அமெரிக்கரான ஸ்டான்லி புரூசினர் அத்தகைய புரதக் காரணிக்குப் பிரியான் எனப் பெயரிட்டார். பலர் எள்ளினர், 1997இல் அவருக்கு நோபெற் பரிசு கிடைத்தது.

தமிழில் ஒலிக்கும்போது பிரியான் என்பது எதிர்மறை வினைமுற்றாய், பிரிந்து போகமாட்டான் எனப் பொருள்படும். பெயரிட்டவர் இதனை அறியார். எனினும் பற்றியபின் உயிர் போகுமட்டும் நீங்காத இந்நோய்க்கு அப்பொருள் பொருந்தியே நிற்கின்றது.

இப்புரதம் புறத்திலிருந்து வந்த அந்நியப் பொருளன்று. நலமுள்ள ஒவ்வொரு பசுவின் மூளையிலும், ஆட்டின் மூளையிலும், நம் மூளையிலும் அது உண்டு. நலமுள்ள புரதத்துக்கும் நோயுற்ற புரதத்துக்கும் அமினோவமிலங்களின் வரிசையில் வேறுபாடில்லை. மடிந்திருக்கும் வகையிலேயே வேறுபாடு. இதனை விளக்க நம் இலக்கணத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பலகை என்னுஞ் சொல்லை ஒன்றாக நோக்கின் மரப்பலகை. பல, கை எனப் பிரித்து நோக்கின் பல கைகள். வேங்கை என்பது மரமுமாம், வேகின்ற கையுமாம். இவற்றைப் பொதுமொழி என்பர். எழுத்தும் ஒன்றே, எழுத்தின் வரிசையும் ஒன்றே. அமைத்துக்கொள்ளும் முறையால் பொருள் வேறாகின்றது. பிரியான் புரதமும் ஒரு பொதுமொழி. ஒரு மடிப்பில் அது தீங்கற்றது. மற்றொரு மடிப்பில் கொல்லும் நஞ்சு. நஞ்சான மடிப்பு நலமான மடிப்பைத் தீண்டித் தன்போலாக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, மூளை முழுவதும் பரவும்.

சோதனையின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது. பிற தொற்றுநோய்களில் உடல் பகைவனை இனங்கண்டு பிறபொருளெதிரியை உண்டாக்கும். குருதியில் அதனைத் தேடி நோயை அறியலாம். பிரியானைத் தன் சொந்தப் புரதமென்றே உடல் கருதுவதால் பிறபொருளெதிரி தோன்றாது. காய்ச்சலும் இல்லை. கருவமிலம் இன்மையால், வைரசைத் தேடுவது போல் கருவமிலத்தைப் பெருக்கித் தேடுதலும் இயலாது. எழுத்தை மாத்திரம் வாசிக்கத் தெரிந்த ஒருவன் பலகையையும் பல கையையும் எவ்வாறு வேறுபடுத்துவான்? இதுவே ஆய்வுகூடத்தார் முன் நின்ற கேள்வி.

சோதனைகள் வளர்ந்த வழி

முதலாவது வழி நுணுக்குக்காட்டி. மாடு இறந்தபின், மண்டையோட்டின் பிற்புறத்துப் பெருந்துளையூடாகக் கரண்டி போன்ற கருவியைச் செலுத்தி, மூளைத்தண்டின் அடிப்பகுதியை எடுப்பர். மாட்டுநோயில் மிக முந்தித் தாக்கப்படும் இடங்களுள் அது ஒன்று. அதனைப் போமலினில் இட்டு, அரிந்து, சாயமூட்டி, வெற்றிடங்களைத் தேடுவர். இம்முறை நம்பத்தக்கது, ஆனால் நாட்கள் பல செல்லும், பயின்ற கண் வேண்டும், மூளை அழுகிப்போயின் பயனில்லை.

இரண்டாவது வழி விலங்குச் சோதனை. ஐயத்துக்குரிய மூளைச்சாற்றை எலிக்குச் செலுத்திக் காத்திருத்தல். 1961இல் சாண்ட்லர் என்பவர் ஸ்க்ரேபியை எலிக்கு ஏற்றிக் காட்டியபின் இது வழக்காயிற்று. ஆடுகளில் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தது எலிகளில் மாதக்கணக்காகக் குறைந்தது. எனினும் ஒரு விடைக்கு ஓராண்டுக்கு மேலும் செல்லக்கூடும். இறைச்சிக்கூடத்தில் தொங்கும் மாட்டைப் பற்றி ஓராண்டு கழித்து விடை வருவதால் யாருக்குப் பயன்?

மூன்றாவது வழியே பெருந்திருப்பம். நலமான புரதத்தைச் செரிமான நொதியம் எளிதிற் சிதைத்துவிடும். நோயான மடிப்பு இறுகியிருத்தலின், அதன் பெரும்பகுதி அந்நொதியத்துக்குத் தாக்குப்பிடித்து எஞ்சும். ஆகவே மூளைச்சாற்றில் முதலில் புரதத்தைச் சிதைக்கும் நொதியத்தை இடுக. பின்னர் எஞ்சியது உளதா எனப் பிறபொருளெதிரி கொண்டு தேடுக. எஞ்சியதுண்டேல் நோயுண்டு. எழுத்தறிவு மாத்திரம் உடையவனைக் கொண்டே பொருளை அறியச்செய்யும் சூழ்ச்சி இது. நெல்லைத் தூற்றிப் பதரைப் போக்கி மணியை எண்ணுவது போலாம். சுவிட்சர்லாந்து, அயர்லாந்து, பிரான்சு ஆகிய நாடுகளில் இக்கொள்கையின்மேல் விரைவுச் சோதனைகள் உருவாயின. சில மணி நேரத்தில் விடை கிடைத்தது.

1999இல் ஐரோப்பிய ஆணையம் நான்கு சோதனைகளை ஒரே பரீட்சைக்கு உட்படுத்தியது. பிரித்தானியாவின் நோயுற்ற மாடுகளின் மூளையும், நோயற்ற நியூசீலாந்து மாடுகளின் மூளையும், எது எதுவெனத் தெரியாவண்ணம் இலக்கமிட்டு வழங்கப்பட்டன. மூன்று சோதனைகள் ஒரு பிழையுமின்றித் தேறின, நான்காவது தேறவில்லை. 2001 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவுக்கென அறுக்கப்படும் முப்பது மாதத்துக்கு மேற்பட்ட மாடுகள் யாவும் சோதிக்கப்பட்டன. பின்வந்த ஆண்டுகளில் அங்கே சோதிக்கப்பட்ட மாடுகள் பத்துக் கோடிக்கும் மேற்பட்டன.

இதனால் விளைந்த நன்மையைப் பிரித்தானியாவிலே காணலாம். 1996 முதல் அங்கு முப்பது மாதத்துக்கு மேற்பட்ட மாடு எதுவும் உணவுக்குச் செல்லலாகாது என்றிருந்தது. நோயுள்ளதும் இல்லாததும் ஒருங்கே அழிக்கப்பட்டன. 2005 நவம்பரில் அவ்விதி நீங்கி அதன் இடத்தில் சோதனை வந்தது. வேறுபடுத்தி அறியத் தெரியாதபோது எல்லாவற்றையும் அழிக்கின்றோம். தெரிந்தபின் நோயுற்றதை மாத்திரம் நீக்குகின்றோம்.

சோதனையைச் சோதித்தல்

மூன்று சோதனைகள் பிழையின்றித் தேறின என்றோம். ஆயினும் அப்பரீட்சையிற் கொடுக்கப்பட்ட மூளைகள் நோய் முற்றிய மாடுகளுடையவை என்பதை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும். நோய் அரும்பும் நிலையில் மூளைத்தண்டில் நோய்ப்புரதம் மிகச் சிறிதே. இச்சோதனைகள் நோய்க்குறி தோன்றுவதற்குச் சில மாதங்கள் முன்னரே அதனைக் கண்டறிய வல்லன. ஆகவே இளங்கன்றின் மூளையைச் சோதித்து நோயில்லை என விடை வருமாயின், அவ்விடையால் நாம் அறிந்தது மிகக் குறைவே.

இன்னுமொரு பாடம் நோர்வேயிலிருந்து வந்தது. 1998இல் அங்கே ஒரு புதுவகை ஸ்க்ரேபி காணப்பட்டது. இதில் மாற்றங்கள் மூளைத்தண்டைவிடச் சிறுமூளையிலேயே மிகுதி. அன்றியும் இதன் நோய்ப்புரதம் நொதியத்துக்கு அத்துணைத் தாக்குப்பிடிப்பதில்லை. ஆகவே, கடுமையான நொதியத்தைக் கையாண்ட சோதனைகள், பதரோடு சேர்த்து மணியையும் தூற்றிவிட்டன. வேறிடத்தில் எடுத்து, மென்மையான முறையிற் சோதித்தபோது, நோயற்றனவெனக் கருதப்பட்ட நாடுகள் பலவற்றிலும் இது தென்பட்டது. 2004இல் இத்தாலியிலும் பிரான்சிலும் மாட்டுநோயிலும் வழமைக்கு மாறான இரு வகைகள் அறியப்பட்டன. முதிய மாடுகளில் அரிதாகக் காணப்படும் இவை தீவனத்தாலன்றித் தாமே தோன்றுவன எனக் கருதப்படுகின்றன.

2018இல் அல்ஜீரியாவின் ஒட்டகங்களிலும் பிரியான் நோய் உண்டென அறிவிக்கப்பட்டது. காணவில்லை என்பதும் இல்லை என்பதும் பேச்சுவழக்கில் ஒன்றுபோல் ஒலிக்கும். விஞ்ஞானத்தில் அவை வெவ்வேறு. தேடியபின் காணவில்லை என்பதற்கு மதிப்புண்டு. தேடாமலே காணவில்லை என்பதற்கு மதிப்பில்லை.

எதிர்ப்புறத்து ஆபத்தையும் ஒரு கணக்கால் விளக்குவோம். ஒரு நாட்டில் ஓர் இலட்சம் மாடுகள் உள எனவும், அவற்றுள் பத்தே நோயுற்றவை எனவும் கொள்க. நம் சோதனை நோயுற்ற பத்தையும் தவறாது காட்டும். நலமான மாடுகளில் நூற்றுக்கு ஒன்றை மாத்திரம் நோயுற்றதெனத் தவறாகச் சொல்லும். கேட்பதற்கு மிக நல்ல சோதனை. ஆயின் நலமான மாடுகள் 99,990. அவற்றில் நூற்றுக்கு ஒன்று என்பது ஏறத்தாழ 1,000. ஆகவே நோயுற்றன எனச் சுட்டப்படும் மாடுகள் 1,010. அவற்றுள் மெய்யாக நோயுற்றவை 10. சுட்டப்பட்ட நூற்றொன்றில் ஒன்றே குற்றவாளி. எஞ்சிய நூறும் நிரபராதிகள். அந்த நூறும் யாரோ ஒரு குடியானவனின் செல்வம் என்பதை நினைக்க.

இதற்குப் பரிகாரம் இரண்டாவது சோதனை. அது முதற் சோதனையின் கொள்கையிலேயே அமைதல் கூடாது. வேறு கொள்கையில் அமைதல் வேண்டும். ஒரே கண்ணாடியில் இருமுறை பார்ப்பின் முகத்திலுள்ள கறை நீங்காது. கண்ணாடியிலுள்ள கறையும் நீங்காது. இரண்டாவது சோதனை ஆயிரம் நலமாடுகளில் ஒன்றையே தவறாகச் சொல்லுமாயின், மேற்கூறிய 1,010இல் எஞ்சுவது 11. அவற்றுள் மெய்ந்நோயுற்றவை 10. விரைவுச் சோதனையிற் சிக்கிய மாட்டை உடனே நோயுற்றதென அறிவியாது, இழையச் சீவலில் பிறபொருளெதிரி கொண்டு சாயமூட்டிப் பார்த்தல் முதலிய உறுதிச் சோதனைகளுக்கு அனுப்புதல் இதன்பொருட்டே.

சோதனை எத்துணைச் சிறந்ததாயினும், பெயர்ச்சீட்டுப் பிழைத்தால் யாவும் பிழைக்கும். செம்மறியாடுகளிலும் மாட்டுநோய் புகுந்துவிட்டதா என அறியப் பிரித்தானிய அரசாங்கம் ஒரு பேராராய்ச்சியை நடத்தியது. 1990களின் தொடக்கத்திற் சேகரித்த ஆட்டு மூளைகள் என நம்பப்பட்டவை பல ஆண்டுகள் ஆராயப்பட்டன. 2001 அக்டோபரில், முடிவை வெளியிடும் தறுவாயில், டீ.என்.ஏ. சோதனை செய்து பார்த்தபோது, அவை மாட்டு மூளைகள் எனத் தெரிந்தது. போத்தலின் மேல் ஒட்டும் சீட்டை அலட்சியம் செய்யும் மாணவர் இதனை ஒருபோதும் மறத்தலாகாது.

இன்றைய முன்னேற்றம்

மிகச் சிறிதளவு நோய்ப்புரதத்தை எவ்வாறு காண்பது? இதற்கு 2001இல் சோட்டோவும் உடன் ஆய்ந்தோரும் காட்டிய வழி நம் அடுக்களையில் உள்ளதே. பாலுக்கு உறைமோர் ஊற்றுகின்றோம். ஒரு துளி மோர் ஒரு சட்டிப் பாலையும் தயிராக்கும். மோர்த்துளி கண்ணுக்குத் தெரியாவிடினும், பால் தயிரானதைக் கொண்டு துளி வீழ்ந்ததை அறியலாம். அவ்வாறே ஆய்வுகூடத்தில் நலமான புரதத்தை ஏராளமாக வைத்து, அதிலே ஐயத்துக்குரிய சாற்றை மிகச் சிறிதளவு இடுவர். அதில் நோய்ப்புரதம் இருப்பின், நலமான புரதம் முழுவதும் மெல்ல மெல்ல நோய் மடிப்பைப் பெறும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து ஆய்வுகூடத்தார் 2010ஆம் ஆண்டளவில் இதனை மேலும் எளிதாக்கினர். சிறு குழிகளுள்ள தட்டில் புரதத்தை இட்டுக் குலுக்கிக்கொண்டேயிருப்பர். நோய் மடிப்பில் ஒட்டும்போது ஒளிரும் சாயமொன்றையும் சேர்ப்பர். ஒளி ஏறுவதைக் கருவி குறித்துக்கொண்டே வரும். எலியில் மாதக்கணக்கிற் கண்ட விடை, தட்டில் ஓரிரு நாளிற் கிடைக்கின்றது.

உவமைக்கும் எல்லையுண்டு. உறைமோரில் உள்ளவை உயிருள்ள பற்றீரியாக்கள். பிரியான் உயிரற்ற புரதம். எனினும் உவமை இன்னோரிடத்திலும் பொருந்தும். உறை ஊற்றாத பாலும் நெடுநேரம் வைத்தால் தானே திரியும். அவ்வாறே நோய்ப்புரதம் சிறிதும் இல்லாத குழியும் நெடுநேரம் குலுக்கினால் தானே ஒளிர்தல் உண்டு. ஆகவே எத்தனை மணி நேரத்துக்குள் ஒளிர்ந்தால் நோயெனக் கொள்வது என்பதை முன்னரே வரையறுத்தல் வேண்டும். நலமான மூளைச்சாறு இட்ட குழிகளையும் அருகிலேயே வைத்து ஒப்புநோக்கல் வேண்டும்.

உயிரோடுள்ள விலங்கைச் சோதித்தலே அடுத்த குறிக்கோள். செம்மறியாட்டில் நோய்ப்புரதம் நிணநீர் இழையங்களிலும் சேர்கின்றது. ஆகவே உள்நாக்குச் சுரப்பியிலிருந்தோ, மூன்றாம் கண்ணிமையிலிருந்தோ, குதவாயின் உட்சவ்விலிருந்தோ சிறு துண்டு எடுத்துச் சோதிக்கலாம். 1967இல் அமெரிக்காவின் கொலராடோவில் முதலிற் காணப்பட்டு, 2016இல் நோர்வேயின் பனிமான்களிலும் தோன்றிய மான்களின் பிரியான் நோயிலும் இவ்வழி பயன்படுகின்றது. மாட்டிலோ நோய்ப்புரதம் பெரும்பாலும் நரம்பிழையங்களிலேயே அடங்கிக் கிடக்கின்றது. எனவே உயிருள்ள பசுவின் குருதித் துளியைக் கொண்டு ஐயமறச் சொல்லும் சோதனை இன்றும் வழக்கிற்கு வரவில்லை. இக்கட்டுரையை வாசிக்கும் மாணவருள் ஒருவர் இவ்விடத்திலிருந்து தொடங்கலாம்.

நமக்குரிய பாடம்

லுணுகலையில் ஒரு பசு தள்ளாடி விழுகின்றது என வைத்துக்கொள்வோம். அது பிரியான் நோயாதல் அரிதினும் அரிது. நம் பசுக்கள் உண்பன கினிப்புல்லும் பலாவிலையும் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்குமே. கன்று ஈன்றவுடன் குருதியிற் சுண்ணாம்புச் சத்துக் குறைவதாலும் பசு விழும், நஞ்சாலும் விழும். நம் நாட்டில் முதலில் ஐயுற வேண்டியது விசர்நோய். விசர்நாய் கடித்த பசுவும் எச்சில் ஒழுக்கும், விழுங்கமாட்டாது தவிக்கும். தொண்டையில் ஏதோ சிக்கியதெனக் கருதி வெறுங்கையை வாயினுள் விடுதல் உயிருக்கே இடராகும்.

விசர்நோயை உறுதிசெய்வதும் மூளையைச் சோதித்தே என்பதை நம்மவர் அறிவர். நாயின் தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நரம்புநோயால் இறந்த மாட்டின் மூளையில் விசர்நோய் இல்லையென விடை வந்தபின், அம்மூளையையே பிரியான் நோய்க்கும் சோதித்தல் அறிவுடைமை. இவ்வாறு தேடித்தேடியே ஒரு நாடு தன் மாடுகள் நலமுள்ளன என உலகத்துக்கு மெய்ப்பித்தல் கூடும். இந்தியா 2010இல் மாட்டுநோய் ஆபத்து புறக்கணிக்கத்தக்க நாடு என்னும் தகுதியை உலகக் கால்நடைச் சுகாதார அமைப்பிடம் பெற்றது.

ஆனால் மூளை ஆய்வுகூடத்துக்குச் செல்வதற்கு முன் ஒரு மனிதன் வாய்திறந்து சொல்லவேண்டும். இதுவே யாவற்றினும் கடினமான படி. தள்ளாடும் பசுவைக் கண்ட வறியவன், அது விழுமுன் இறைச்சிக்கு விற்றுச் சிறிது காசாவது பெறலாம் என எண்ணுதல் இயல்பு. அவனைக் கடிந்து பயனில்லை. பிரித்தானியாவில் 1988இல் நோயுற்ற மாட்டுக்கு அதன் விலையிற் பாதியையே இழப்பீடாகக் கொடுத்தனர். மாட்டை மறைப்பாருக்கு அது தூண்டுதலாகும் எனக் கண்டனம் எழுந்தது. 1990 பெப்ரவரியில் முழு விலையும் கொடுக்கத் தொடங்கினர். செல்வந்த நாட்டுப் பண்ணையாளனுக்கே இவ்வாறெனின், ஒரே பசுவை உடைய தோட்டத் தொழிலாளிக்கு யாது கூறுவோம்? அவன் உண்மை சொல்வதால் அவன் குடும்பம் பட்டினி கிடக்கலாகாது. உரிய இழப்பீடு கிடைக்கும் என்னும் உறுதியும் சோதனையின் ஓர் உறுப்பே. அஃதின்றி எந்த நொதியமும் எந்தச் சாயமும் வேலை செய்யா.

ஆகவே நாம் வேண்டுவன சிலவே. தள்ளாடும், வெருளும், எச்சில் ஒழுக்கும் மாட்டை விற்காதீர்கள், அறுக்காதீர்கள், வெறுங்கையால் தீண்டாதீர்கள். அரசாங்கக் கால்நடை வைத்திய அதிகாரிக்கு உடனே அறிவியுங்கள். மாதிரி எடுப்பவர் மூளையை இரு பங்காக்கி, ஒன்றைப் போமலினிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியில் குளிராகவும் வைத்து அனுப்புவார். நாட்கடந்த சடலத்தால் பயன் குறைவு என்பதால் காலந்தாழ்த்தாது சொல்லுதல் வேண்டும். தோட்ட அதிகாரிகளாகவும் அரசாங்க உத்தியோகத்தராகவும் விளங்கும் பழைய மாணவர்கள், இவ்வாறு அறிவிக்கும் ஏழைக்கு இழப்பு நேராத வழியை அமைக்க முன்வருதல் வேண்டும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவ பீடத்துக்கும், கன்னொறுவையிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையத்துக்கும் நம் மலைநாட்டுப் பிள்ளைகள் செல்லுதல் வேண்டும். கொட்டிலில் பசுவோடு வளர்ந்த பிள்ளை, பசு வழமைக்கு மாறாக ஓர் அடி பிசகி வைத்தாலும் அறியும். எச்சோதனையும் அந்த அறிதலிலிருந்தே தொடங்குகின்றது. அந்தக் கண்ணோடு கல்வியும் சேருமாயின், உயிருள்ள பசுவின் நோயை உரிய காலத்தில் அறியும் வழியை நம்மவரும் ஒருநாள் உலகுக்குக் கூறுதல் கூடும். அந்நாளுக்கு இன்றைய வகுப்பறையிலேயே பிள்ளைகளை ஆயத்தம் செய்வது ஆசிரியராகிய நம் கடன்.